குடிப்பவனை ஒதுக்கினால் குடி ஒழியுமா?

2023 ஜூலையில் வளையமாதேவியின் பெயரை நாடே உச்சரித்தது. வளர்ந்து நின்ற நெற்பயிரின் மீது இயந்திரங்களை இறக்கி, பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டியது என்.எல்.சி. நிறுவனம். விவசாயிகள் கதறினார்கள். கட்சிகள் களம் இறங்கின. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது.

நிலம் பறிபோனால் குரல் கொடுக்க ஆள் இருக்கிறது. அதே வட்டாரத்தில் குடியால் ஒரு குடும்பம் பறிபோனால் கேட்பது யார்?

மது எங்கே கிடைக்கும் என்று கேட்டால் பள்ளிச் சிறுவன்கூட வழி சொல்வான். குடியை விட நினைப்பவர்கள் கூடும் கூட்டம் எங்கே நடக்கிறது என்று கேட்டால்? சேத்தியாத்தோப்புக் கடைத்தெருவில் எத்தனை பேர் பதில் சொல்வார்கள்?

2003 முதல் அரசே டாஸ்மாக் கடைகளைத் திறந்து விற்கிறது. 2023-24ல் மட்டும் அதனால் வந்த வருவாய் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல்! 2023ல் மரக்காணம் பகுதியிலும் 2024ல் கள்ளக்குறிச்சியிலும் விஷச் சாராயம் வீடு வீடாகப் பிணம் விழ வைத்தது. கடைகளை மூடு என்று போராடுவது சரியே. ஆனால் கடையை மூடிவிட்டால், ஏற்கெனவே அடிமையாகிவிட்டவனின் கைநடுக்கம் நின்றுவிடுமா?

நம்மிடமும் உண்டு

'நம் சமுதாயத்தில் குடியா?' என்று கேட்பவர்கள் உண்டு. ஹராம் என்று தெரிந்தே குடிப்பவன் நம்மிலும் இருக்கிறான். மற்றவன் தெருவில் குடிக்கிறான். நம்மவன் வெளியூர் போய் மறைந்து குடிக்கிறான். மகளின் திருமணம் நின்றுவிடுமே என்று மனைவியும் மூடி மறைக்கிறாள். விஷயம் வெளியே வந்தால் மஹல்லா ஒதுக்குகிறது. முதலாளி கணக்கை முடித்து அனுப்புகிறார். போக்கிடம் இல்லாதவன் எங்கே போவான்? மறுபடியும் அதே கடைக்குத்தான்!

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் என்ன நடந்தது? குடித்ததற்காகத் திரும்பத் திரும்பக் கொண்டு வரப்பட்ட ஒருவரை, கூட்டத்தில் ஒருவர் சபித்தார். சபிக்காதீர்கள் என்று தடுத்தார்கள் நபியவர்கள்; அல்லாஹ்வையும் தூதரையும் அவர் நேசிப்பவர் என்றும் சொன்னார்கள். புகாரியில் இடம்பெற்றுள்ள சம்பவம் இது. தண்டனை உண்டு, ஆனால் அவர் சமுதாயத்தை விட்டுத் துரத்தப்படவில்லை. நாமோ துரத்துவதை மட்டும் கற்றுக்கொண்டோம்!

அந்தக் கூட்டத்தில் என்ன நடக்கிறது?

1935ல் அமெரிக்காவின் ஆக்ரான் நகரில், குடிக்கு அடிமையாகியிருந்த ஒரு பங்குத் தரகரும் ஒரு மருத்துவரும் உட்கார்ந்து பேசியதில் பிறந்தது 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்ற அமைப்பு. சுருக்கமாக ஏ.ஏ. இந்தியாவுக்கு 1957ல் வந்தது. கட்டணம் இல்லை. யார் எவர் என்ற விசாரணை இல்லை. குடியை விட வேண்டும் என்ற ஆசை ஒன்றே தகுதி.

அங்கே யாரும் உபதேசம் செய்வதில்லை. தான் விழுந்த கதையையும் எழுந்த கதையையும் ஒருவர் சொல்ல, மற்றவர்கள் கேட்கிறார்கள். மனைவியிடம் சொல்லும் பொய் அங்கே செல்லாது. எல்லாரும் அதே பொய்யைச் சொல்லி வந்தவர்கள்! குடும்பத்தாருக்கு 'அல் அனான்' என்று தனிக் கூட்டம் உண்டு.

சில ஊர்களில் இக்கூட்டம் சர்ச் வளாகத்திலோ பள்ளிக்கூடத்திலோ நடப்பதைப் பார்த்து நம் இளைஞர்கள் தயங்கலாம். இடம் மட்டுமே அவர்களுடையது, ஏ.ஏ. எந்த மதத்தையும் சார்ந்ததல்ல. 1989ல் அமெரிக்காவின் பால்டிமோரில் முஸ்லிம்கள் இதே முறையை இஸ்லாமிய வழியில் அமைத்து 'மில்லத்தி இஸ்லாமி' என்று தொடங்கினார்கள். அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

முதலில் மருத்துவர்

தினமும் அதிகமாகக் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம், மனப்பிரமை வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே மருத்துவரைப் பார்த்த பிறகே நிறுத்த வேண்டும். வளையமாதேவிக்காரர்களுக்குச் சிதம்பரம் அண்ணாமலை நகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே மனநல மருத்துவரைப் பாருங்கள். கணவனுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மருந்து கலப்பது கூடவே கூடாது. அதன் மேல் மது உள்ளே போனால் உயிரே போகலாம்.

மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019ல் வெளியான ஆய்வின்படி, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது சிகிச்சை கிடைக்கிறது. மீதி 37 பேருக்கு வழி காட்ட ஆளில்லை!

வழி இதுதான். 14446 என்ற இலவச எண்ணில் போதை மீட்பு ஆலோசனை கிடைக்கும். 14416 மனநல ஆலோசனைக்கு. பக்கத்தில் கூட்டம் எங்கே என்று மருத்துவரிடமும் கேளுங்கள். நாளும் நேரமும் மாறக்கூடும், விசாரித்துவிட்டுப் போங்கள். முதல் கூட்டம் பிடிக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள். இன்னும் சில முறை போய்ப் பாருங்கள்.

நாம் செய்ய வேண்டியது

லால்பேட்டை, பரங்கிப்பேட்டை, நெல்லிக்குப்பம், மங்கலம்பேட்டை ஜமாஅத்துகளே! இந்த எண்களை அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுங்கள். வாரம் ஒரு மாலை ஓர் அறையைத் திறந்து கொடுங்கள். உள்ளே வருபவர் பெயரைக் குறிக்காதீர்கள், வெளியே பேசாதீர்கள். கூட்டம் தொடங்கப் பெரும் கூட்டம் தேவையில்லை. குடியை விட நினைக்கும் இரண்டு பேர் போதும்.

வியாபாரப் பெருமக்களே! கடையில் வேலை செய்யும் பையன் குடிக்கிறான் என்று தெரிந்தால் உடனே கணக்கு முடிக்காதீர்கள். சிகிச்சைக்கு விடுப்புக் கொடுங்கள். கூட்டம் நடக்கும் மாலை மட்டும் முன்னதாக அனுப்புங்கள். அவன் சம்மதித்தால் சம்பளத்தை வீட்டாரிடம் கொடுங்கள்.

இளைஞர்களே! தனியாகப் போகக் கூச்சப்படும் நண்பனுடன் பஸ் ஏறிப் போங்கள். கூட்டம் முடியும் வரை வெளியே காத்திருங்கள்.

விழுந்தவனைக் காட்டிச் சிரிக்க ஊரே இருக்கிறது. தூக்கிவிட நாமாவது இருப்போமா?