கப்பலுக்கு ஆழம் போதும், இறாலுக்கு?



கொஞ்சம் நீளமான பதிவு. வாட்ஸ்அப் குழுவில் தொடங்கிய சண்டைக்கு அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். பெருவிரலால் இவ்வளவு தட்ட என்னால் ஆகாது. நான் சொல்லச் சொல்லப் பேரன் கம்ப்யூட்டரில் அடிக்கிறான். சந்திப்பிழை இருந்தால் அவனைக் கேளுங்கள். கருத்துப்பிழை இருந்தால் என்னைக் கேளுங்கள்.

முதலில் நன்றி. போன சனிக்கிழமை என் 75-ஆவது பிறந்தநாளுக்கு என்னைச் செங்கல்பட்டிலிருந்து காரில் அழைத்துப்போய், முட்டுக்காட்டில் அந்த மிதக்கும் உணவகக் கப்பலில் ஏற்றி, கேக் வெட்டவைத்து, சால்வை போர்த்தி, மீன் வறுவலில் முள் எடுத்துக் கொடுத்தது வரைக்கும் பார்த்துக்கொண்டீர்கள். பத்தாம் வகுப்பில் உங்களை நான் முட்டிபோட வைத்ததற்கு இது ரொம்ப அதிகம். சாப்பாட்டிலும் குறை இல்லை, பரிமாறிய பிள்ளைகளின் மரியாதையிலும் குறை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் "சாருக்குக் கப்பல் பிடிக்கவில்லை" என்று யாரும் கிளப்பிவிடக் கூடாது.

சண்டை எங்கே தொடங்கியது? கேக் வெட்டிய பிறகு மேல்தளத்தில் நின்றுகொண்டிருந்தோம். உங்களில் ஒருவரின் மகள், இரண்டாவதோ மூன்றாவதோ படிக்கிற பிள்ளை, என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "தாத்தா, இந்த ஆத்துக்குப் பேர் என்ன?"

நான் உங்களைப் பார்த்தேன். ஒருவர் கடல் என்றார். ஒருவர் ஏரி என்றார். மூன்றாமவர் "பேக்வாட்டர்டா கண்ணு" என்றார். அது எங்கிருந்து வருகிற தண்ணீர் என்று அவள் அடுத்த கேள்வி கேட்டபோது, செல்ஃபி எடுக்கக் கூப்பிடுகிறார்கள் என்று எல்லோரும் நகர்ந்துவிட்டீர்கள். புவியியல் வாத்தியாரிடம் படித்த பதினான்கு பேர்! வீட்டுக்கு வந்து தூக்கம் வரவில்லை.

அதைக் குழுவில் வருத்தத்தோடு எழுதினேன். அதற்கு லண்டனில் இருக்கும் நம் தம்பி ஒருவர் பதில் போட்டார்: "சார், தேம்ஸ், சீன், பாங்காக் எல்லா இடத்திலயும் ஆத்துல டின்னர் க்ரூஸ் ஓடுது. நம்ம கூவத்துலயும் அடையாறுலயும் விட்டா ஆறு தானா சுத்தமாயிடும். நீங்க தண்ணி பேரைப் பத்திக் கவலைப்படுறீங்க." அதற்குக் கீழே கைதட்டல் படங்கள் வரிசையாக விழுந்தன.

தம்பி, கைதட்டல் வாங்கிய அந்த ஒரு வரியைத்தான் நான் மறுக்கிறேன். விருந்துக் கப்பல் விட்டால் ஆறு சுத்தமாகும் என்பது தவறு. நீங்கள் சொன்ன ஊர்களை வைத்தே சொல்கிறேன்.

தேம்ஸை எடுத்துக்கொள்வோம். 1858 கோடையில் நாற்றம் தாங்காமல் நாடாளுமன்றமே திணறியது. அதற்குப் பிறகுதான் பேசல்கெட் என்ற பொறியாளரின் பெரும் சாக்கடைத் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கினார்கள். அதற்குப் பிறகும் ஆறு கெட்டது. 1957-இல் தேம்ஸ் உயிரற்ற ஆறு என்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் சொன்னது. அந்தக் காலத்திலும் உல்லாசப் படகுகள் அதில் ஓடிக்கொண்டுதான் இருந்தன. பயணிகள் தேநீர் குடித்துக்கொண்டுதான் போனார்கள். ஆற்றை மீட்டது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களைப் பெரிதாக்கிக் கட்டிய வேலை. 1974-இல் அங்கே ஒரு சால்மன் மீன் கிடைத்தது பெரிய செய்தியானது. கவனியுங்கள், செய்தியானது மீன்.

சீன் நதி இன்னும் தெளிவான பாடம். பாரிஸில் புகழ்பெற்ற சுற்றுலாப் படகு நிறுவனம் 1949-இலேயே வந்துவிட்டது. ஆனால் அந்த ஆற்றில் குளிக்க 1923-இல் விதித்த தடை அப்படியே இருந்தது. முக்கால் நூற்றாண்டு காலம் மேலே விருந்தும் விளக்கும் போய்க்கொண்டிருந்தன, கீழே இறங்கிக் குளிக்க முடியாத தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. 2024 ஒலிம்பிக்கில் வீரர்கள் நீந்த வேண்டும் என்று வந்தபோதுதான் சுமார் 140 கோடி யூரோ செலவழித்துச் சுத்தம் செய்தார்கள். 2025 ஜூலையில் பொதுமக்கள் இறங்கிக் குளித்தார்கள். ஆக, 75 வருஷம் படகுகளால் ஆகாததைச் செய்ய வைத்தது நீந்துகிறவனின் தேவை.

பாங்காக்கில் நீங்கள் பார்த்தது இரவுக் கப்பல். காலையில் போயிருந்தால், கொடி கட்டிய படகுகளில் அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள் துறைதோறும் ஏறி இறங்குவதைப் பார்த்திருக்கலாம். அங்கே ஆறு முதலில் சாலை, அப்புறம்தான் சாப்பாட்டு மேசை.

நம் ஊரிலும் இந்தச் சோதனை நடந்திருக்கிறது. 1970-களின் தொடக்கத்தில் கூவத்தில் படகு விட்டார்கள், கரையில் படகுத்துறைகள் கட்டினார்கள். சாக்கடையை நிறுத்தாமல் படகை மட்டும் விட்டதால் என்ன ஆயிற்று? படகு போய்விட்டது, சாக்கடை இருக்கிறது. பாடப்புத்தகத்தில் இல்லாவிட்டாலும் நான் வகுப்பில் சொல்லியிருக்க வேண்டிய பாடம் இது.

ஏன் இப்படி என்றால் காரணம் எளியது. முட்டுக்காட்டுக் கப்பல் 125 அடி நீளம், 25 அடி அகலம், கீழே ஏசி, மேலே திறந்தவெளி, செலவு சுமார் 5 கோடி ரூபாய் என்று செய்தித்தாளில் படித்தோம். அந்தக் கப்பல் மிதக்கத் தேவை ஆழம் மட்டும்தான். தண்ணீர் நல்ல தண்ணீரா, கெட்ட தண்ணீரா என்று கப்பலின் அடிப்பலகைக்குத் தெரியாது. இருட்டில் நமக்கும் தெரியாது. விளக்கைப் போட்டுவிட்டால் கருப்புத் தண்ணீரும் பளபளக்கும்.

சுத்தம் வேண்டுவது வேறு ஆட்களுக்கு. கோவளம், முட்டுக்காடு பக்கம் பகலில் போனால், கழுத்தளவு தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் மக்களைப் பார்க்கலாம். பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துப் பிடித்திருப்பார்கள், இரண்டு கையும் சேற்றில் இருக்கும். அவர்களுக்கு அந்தத் தண்ணீர் வாய்க்கு நான்கு விரற்கடை கீழே இருக்கிறது. அது கெட்டால் முதலில் தெரிவது அவர்கள் தோலுக்கு, அடுத்து அவர்கள் அடுப்புக்கு. அதே முட்டுக்காட்டில்தான் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனை நிலையம் இருக்கிறது. நாம் காசு கொடுத்து ஆசையாகச் சாப்பிடுகிற கொடுவா மீனைக் குஞ்சு பொரிக்க வைப்பதில் 1997-இல் வெற்றி கண்ட நிறுவனம் அது. இந்தக் கழியின் மதிப்பு தெரிந்தவர்கள் இவர்கள்.

இப்போது அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். அதற்குப் பெயர் கழி. உப்பங்கழி என்றும் சொல்லலாம். நெய்தல் நிலத்தின் பழைய சொல். கடல் உள்ளே வந்து, நிலத்துத் தண்ணீரோடு கலக்கும் இடம். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டால் கடலின் போக்குவரத்து குறையும், மேலிருந்து வந்தது அங்கேயே தங்கும்.

மேலிருந்து வருவது எது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, சோழிங்கநல்லூர், நாவலூர் எல்லாம் தாண்டித் தெற்கே வந்து, இந்தக் கழி வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த அந்தச் சதுப்பின் ஓரத்தில்தான் பெருங்குடிக் குப்பைமேடும் இருக்கிறது. ஓ.எம்.ஆர். சாலையின் இருபுறமும் அடுக்குமாடிகள். அன்று கப்பலில் இருந்தவர்களில் ஆறு பேர் அங்கேதான் குடியிருக்கிறீர்கள். பாதாளச் சாக்கடை இல்லாத இடங்களில் கழிவுநீர் லாரியில் ஏறிப் போகிறது. அது எங்கே போய் இறங்குகிறது என்று நீங்கள் கேட்டதுண்டா? கால்வாயில் சேரும் எதுவும் கடைசியில் முட்டுக்காட்டுக்கு வரும். குளித்த தண்ணீரும் கழுவிய தண்ணீரும் நமக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்க, அதன் மேல் நாம் விருந்து சாப்பிட்டிருக்கிறோமோ என்று எனக்குச் சந்தேகம்.

சாக்கடை சேர்ந்தால் தண்ணீருக்கு என்ன ஆகும்? பாக்டீரியா அந்தக் கழிவைத் தின்னும்போது நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். கழிவிலுள்ள சத்தில் பாசி பெருகும். பகலில் பாசி ஆக்சிஜன் தரும், இரவில் அதுவும் வாங்கத் தொடங்கும். அதனால்தான் கெட்ட நீர்நிலைகளில் விடியற்காலையில் மீன் செத்து மிதக்கிறது. நாம் கீழே ஏசியில் உட்கார்ந்திருக்கும் அந்த இரவு நேரம்தான் கெட்ட தண்ணீரில் மீனுக்கு மூச்சு முட்டத் தொடங்கும் நேரம்.

அந்தக் கால்வாயின் கதையும் உங்களுக்குத் தெரிய வேண்டும். 1806-இல் சென்னைக்கு வடக்கே சிறியதாகத் தொடங்கியது. 1876 முதல் 1878 வரை நடந்த பெரும் பஞ்சத்தில், கஞ்சிக்காக மண் சுமந்த மக்களைக் கொண்டு அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதியை வெட்டினார்கள். பெயர் மட்டும் ஆளுநர் பக்கிங்காம் பிரபுவுக்குப் போயிற்று. பெத்தகஞ்சத்திலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் நீர்வழி. அரிசியும் விறகும் உப்பும் படகில் வந்தன. கயிறு கட்டிக் கரையில் நடந்து இழுத்தார்கள், கோலால் ஊன்றித் தள்ளினார்கள். 1934-இல் பாவேந்தர் பாரதிதாசன் தோழர்களோடு நிலா இரவில் இந்த வழியில்தான் மாமல்லபுரத்துக்குப் படகில் போனார். 'மாவலிபுரச் செலவு' அப்படிப் பிறந்த பாட்டு. அதுவும் இரவுப் படகுப் பயணம்தான். ஆனால் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போன பயணம்.

பிறகு லாரி வந்தது, ரயில் வந்தது, 1960-களில் புயல் அடித்தது, படகு நின்றது. சென்னைக்குள் பறக்கும் ரயிலின் தூண்களைக் கால்வாய்க்குள்ளேயே நட்டார்கள். 2008-இல் இதே கால்வாயைத் தேசிய நீர்வழி 4-இன் பகுதியாக அறிவித்தார்கள். காகிதத்தில் அது நெடுஞ்சாலைக்குச் சமம். நடப்பில், யாரும் புழங்காத தண்ணீர். யாரும் புழங்காத கிணற்றில்தான் ஊர் குப்பை கொட்டும். உங்கள் பாட்டிமார்களுக்கு இது தெரியும்.

என் குற்றத்தையும் எழுதிவிடுகிறேன். எத்தனை வருஷம் உங்களை மாமல்லபுரம் சுற்றுலாவுக்கு அழைத்துப் போயிருக்கிறேன்! திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ், ஊருக்குள் நுழையுமுன் இந்தக் கால்வாயின் பாலத்தைத் தாண்டும். ஒருமுறைகூடப் பஸ்ஸை நிறுத்தி, "இறங்குங்கள், இதுதான் பக்கிங்காம் கால்வாய்" என்று நான் காட்டவில்லை. கடற்கரைக் கோயில் பக்கத்தில் உங்களை வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுத்ததோடு சரி. அன்று நான் நிறுத்தியிருந்தால் அந்தப் பிள்ளைக்கு உங்களில் ஒருவராவது பதில் சொல்லியிருப்பீர்கள்.

"அப்படியானால் கப்பலே வேண்டாம் என்கிறீர்களா?" என்று என் மைத்துனர் போனில் கேட்டார். இல்லை. நடக்க முடியாத பெரியவர்கள் தண்ணீர்க்காற்று வாங்கட்டும். நாலு பேருக்கு வேலை கிடைக்கட்டும். 1984 முதல் அங்கே இருக்கிற அரசுப் படகுத்துறை நன்றாக நடக்கட்டும். கப்பலை வைத்து ஆறு நன்றாக இருக்கிறது என்று யாரும் நமக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டாம் என்பதுதான் என் வாதம். சான்றிதழ் தர வேண்டியது இறால். பறி நிறைகிற அன்றைக்குத் தண்ணீர் தேறியது என்று ஒப்புக்கொள்கிறேன். கூவத்தில் கப்பல் விடுங்கள் என்று மனு எழுதப்போகிறவர்கள், கூவத்தில் விழும் சாக்கடையை நிறுத்துங்கள் என்று முதலில் எழுதுங்கள். சாக்கடை நின்றால் கப்பல் தானாக வரும். வியாபாரிக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடைசியாக வீட்டுப்பாடம். ஓய்வு பெற்றாலும் கொடுக்காமல் இருக்க முடியவில்லை.

ஒன்று: அடுக்குமாடியில் இருப்பவர்கள் இந்த ஞாயிறு உங்கள் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைப் போய்ப் பாருங்கள். 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம் என்று 2006 அறிவிக்கை சொல்கிறது. கழிவுநீரை என்ன செய்கிறீர்கள் என்பதற்கு அந்த அனுமதியில் நிபந்தனை இருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். இயந்திரம் ஓடுகிறதா, மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்க நிறுத்தி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

இரண்டு: லாரி வைத்திருக்கிற குடியிருப்பானால், அது எங்கே கொட்டுகிறது என்று சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள். பதில் எழுத்தில் வேண்டும் என்று சொல்லுங்கள்.

மூன்று: அடுத்த முறை முட்டுக்காட்டுக்குப் போனால் பகலில், தண்ணீர் தெரிகிற நேரத்தில் போங்கள். பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். அதன் பெயரைச் சொல்லுங்கள், எங்கிருந்து வருகிறது என்று கை நீட்டிக் காட்டுங்கள்.

விடையை இங்கேயே கீழே எழுதுங்கள். லண்டன் தம்பி, நீங்களும்தான். கோபம் இருந்தால் திட்டி எழுதலாம், ஆனால் எழுதாமல் இருக்கக் கூடாது. காப்பி அடித்தால் எனக்குத் தெரியும், அந்தக் கண் இன்னும் மங்கவில்லை.

அன்புடன்,
உங்கள் புவியியல் ஆசிரியர்
செங்கல்பட்டு