எழுதுகோல் எவர் கையில்?

இரயிலிலே உறங்குவதும் ஒரு குற்றமா?

2017 டிசம்பர் 5. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம். மெல்பேர்ண் செல்லும் இரயிலிலே கண்ணயர்ந்தாள் ஒரு தாய். வயது 55. யோர்த்தா யோர்த்தா எனும் ஆதிகுடியினள். குடிமயக்கம் என்றனர், காவலரை அழைத்தனர், கொட்டடியிலே அடைத்தனர். அங்கே விழுந்தாள், தலையில் அடிபட்டாள், பதினேழாம் நாள் மாண்டாள்.

அவளுடைய உறவினர் ஒருவரும் 1982-இல் காவலில் மாண்டவரே! அரச ஆணையம் ஆராய்ந்த 99 மரணங்களில் அதுவும் ஒன்று. 1991-இல் அந்த ஆணையம் 339 பரிந்துரைகளை அடுக்கிற்று. குடிமயக்கத்தைக் குற்றமாக்கும் சட்டத்தை ஒழித்திடுக என்பதும் அவற்றுள் உண்டு. விக்டோரியா அதை ஒழித்தது 2023 நவம்பரில்! முப்பத்திரண்டு ஆண்டுகள் அந்தப் பரிந்துரை பேழையிலே உறங்கிற்று. அதற்காக எவரும் காவலரை அழைக்கவில்லை!

மக்கள் தொகையிலே நூற்றுக்கு நால்வர்கூட இல்லாத அம்மக்கள், சிறையிலே ஏறத்தாழ மூவரில் ஒருவர்.

'சட்டம் எல்லோர்க்கும் ஒன்றுதானே?' என்பர் சிலர். மொழி ஒன்றா? அதிகாரி எதைக் கேட்டாலும் 'ஆம்' என்று கூறி ஓய்வது, அடக்கப்பட்டோர் கண்ட தற்காப்பு. அந்த 'ஆம்' ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடலாகாது என்றுதான், 1976-இல் அனுங்கா வழக்கிலே வட ஆட்புலத்து உச்ச நீதிமன்றம், மொழிபெயர்ப்பாளர் வேண்டும், உற்ற துணை ஒருவர் வேண்டும் என விதி வகுத்தது.

அம்மக்களும் வாளாவிருக்கவில்லை. 1970-இலேயே சிட்னியின் ரெட்ஃபெர்னில் தமக்கென ஒரு சட்ட உதவி நிலையம் கண்டனர். 2002-இல் ஷெப்பர்ட்டனில் கூரி நீதிமன்றம் பிறந்தது. நாடகக்காரன் நான்; எந்தக் காட்சியிலும் நாற்காலிகளைத்தான் முதலில் பார்ப்பேன். அங்கே உயர்பீடம் இல்லை, நீள்வட்ட மேசை. நடுவரின் அருகே குலமூத்தோர். எதிரே, குற்றத்தை ஒப்புக்கொண்டவன். அரசு வழக்கறிஞருக்கு முகங்கொடாதவன்கூட, பாட்டியின் வயதொத்த ஒருவர், 'நீ யார் வீட்டுப் பிள்ளை?' என்று கேட்டால், தலைகுனியாமல் என் செய்வான்?

காட்சி அருமை. ஆனால், தீர்ப்பெழுதும் எழுதுகோல் இன்னும் நடுவர் கையிலே! மூத்தோர் பேசலாம், தீர்ப்பளிக்க முடியாது. சுவரிலே அவர்தம் ஓவியத்தை மாட்டிவிட்டு, பண்பாட்டைக் காத்தோம் என்பது பசப்பு. நிதியும் நியமனமும் நிர்வாகமும் அவர்தம் மன்றங்களிடம் வரவேண்டும். சுயநிர்ணயம் என்பதற்கு வேறு பொருள் இல்லை.

2023 அக்டோபரில், நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை கூற ஒரு குரல் கேட்டனர், வாக்காளர் மறுத்தனர். அதைக் காட்டி மாநிலங்கள் கைகழுவப் பார்க்கலாம். விடலாமா? காவல் நிலையமும் சிறையும் மாநிலங்களின் பொறுப்பன்றோ! நியூ சவுத் வேல்சிலே 2000 முதல், ஆதிகுடியினர் ஒருவரைக் காவலில் வைத்தால், அவர்களுடைய சட்ட நிலையத்துக்குக் காவலர் தொலைபேசியில் அறிவித்தாக வேண்டும். மறுமுனையிலே அவர்தம் வழக்கறிஞர். அந்தத் தொலைபேசியை வைக்க எந்த வாக்கெடுப்பும் தேவைப்படவில்லை. மூத்தோர் கையிலே எழுதுகோலைக் கொடுக்கவும் தேவையில்லை.