குப்பை மேடா? கொள்கைக் கேடா?



மாங்கனீசுச் சுரங்கங்களிலே ஒரு வழக்கம் உண்டு. செழித்த தாதுவை அள்ளி விற்றபின், எஞ்சியதன்மீது "தரம் தாழ்ந்தது" என்று முத்திரை குத்தி, வெளியே மலையெனக் குவித்துவிடுவர். தாழ்ந்தது என்று ஒதுக்கி வைத்துப் பின் மறந்தும்விடுவது, இந்நாட்டிலே மண்ணுக்கு மட்டும் நேர்ந்த கதியா!

அந்த மேட்டு மண்ணைக் கரியோடு சேர்த்து வறுத்து, கந்தக அமிலத்திலே கரைத்து, இரும்பைக் களைந்து, கொதிநிலையை நெருங்கும் சூட்டிலே மின்சாரத்தைப் பாய்ச்சினால், நேர்மின்வாயிலே கரும்பாளமாகப் படிகிறது மாங்கனீசு டை ஆக்சைடு! கைவிளக்குப் பாட்டரிக்குள் அடைபட்டிருக்கும் அதே கருந்தூள்! செலவழிந்த அமிலமும் மீண்டும் பிறந்து, அடுத்த மண்ணைக் கரைக்கத் திரும்புகிறது.

இது நாமறியாத வித்தையா? அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் ஈந்தார். 1953-இலே காரைக்குடியில் மின்வேதியியலுக்கென்றே மத்திய ஆய்வகம் திறக்கப்பட்டது. மராட்டிய மாநிலத்துத் தோங்கிரி புசுர்க் சுரங்கத்திலே, அரசு நிறுவனமான மொயில், உள்நாட்டு நுட்பத்தைக் கொண்டே மின்பகுப்பு ஆலையும் அமைத்தது. திறன் எவ்வளவு? தொடக்கத்திலே ஆண்டுக்கு 1,000 டன்! அதே நிறுவனம் 2023-24-இலே வெட்டிய தாதுவோ 17 லட்சம் டன்னுக்கும் மேல்! எஃகு ஆலைக்குச் செல்லும் தாதுவை நான் பழிக்கவில்லை. மேட்டிலே கிடப்பதைத்தான் கேட்கிறேன்.

செக் நாட்டிலே ஹ்வலெட்டிசே என்றோர் ஊர். 1951 முதல் 1975 வரை கந்தகத்துக்காக வெட்டியவர்கள் விட்டுச்சென்ற கழிவு, ஏறத்தாழ 2 கோடியே 70 லட்சம் டன். அதிலே மாங்கனீசு நூற்றுக்கு ஏழு பங்குதான். அதையும் கரைத்து, மின்பகுத்து, உலோகமாக எடுக்கத் திட்டம் தீட்டினர். 2025-இலே ஐரோப்பிய ஒன்றியம் அதனைத் தன் முக்கியத் திட்டங்களுள் ஒன்றாக ஏற்றது. ஏழு பங்குக்கே அவர்கள் ஏங்குகிறார்கள். நாமோ மேட்டின்மேல் முள்மரம் வளர்க்கிறோம்!

"மின்கட்டணம் கட்டுப்படியாகாது" என்பர் கணக்கர் பெருமக்கள். கடல் கடந்து வரும் பாட்டரிப் பொருளின் விலையிலே மின்கட்டணம் அடங்கியிருக்கவில்லையா? அயலான் ஆலைக்கு அழுகிற கட்டணம் மட்டும் இனிக்கிறதோ?

மத்திய அரசு ஒவ்வொரு மேட்டையும் அளக்கட்டும். எதிலே எத்தனை பங்கு மாங்கனீசு என்று பட்டியலிட்டு நாடாளுமன்றத்திலே வைக்கட்டும். அமிலத்திலே கரைத்தபின் மிஞ்சும் சேற்றை எங்கே, எப்படிப் பூட்டி வைப்பார்கள், எந்த ஊர்க் கிணறு அதற்கு அருகே இருக்கிறது என்பதையும் அதே பட்டியலில் எழுதட்டும்.