பனிச்சரிவு: பழியை இயற்கை மேல் போடாதீர்கள்!

"தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்பார்கள். ஓரிக்கையில் பனி என்றால் அவ்வளவுதான். தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டால் போதும். அதனால்தானோ என்னவோ, இமயமலையில் பனிச்சரிவு, இத்தனை பேர் பலி என்று செய்தி வந்தால், "இயற்கைச் சீற்றம், யார் என்ன செய்ய முடியும்?" என்று டீக்கடையில் உச்சுக் கொட்டிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள்.

நமக்குச் சம்பந்தமில்லாத விஷயமா இது? 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் புதைந்த 10 வீரர்களும் மெட்ராஸ் ரெஜிமென்ட் முகாமில் இருந்தவர்கள். அதில் 4 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள்! ஆறு நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்ட ஹனுமந்தப்பாவும் பிப்ரவரி 11 அன்று இறந்துபோனார்.

சரி, அது எல்லைக் காவல், நகர முடியாது என்றே வைத்துக்கொள்வோம். மாணாவுக்கு என்ன பதில்?

மாணா, உத்தராகண்டில் பத்ரிநாத்தை அடுத்த கிராமம். 2025 பிப்ரவரி 28 காலையில், சாலைப் பணியாளர்கள் தங்கியிருந்த கன்டெய்னர்கள் மேல் பனி சரிந்தது. சிக்கியவர்கள் 54 பேர். 8 பேர் இறந்தார்கள். குளிர்காலத்தில் அந்த ஊர்க்காரர்களே வீட்டைப் பூட்டிக்கொண்டு கீழே இறங்கிவிடுவார்கள். ஊரே காலி செய்யும் இடத்தில் கூலித் தொழிலாளி மட்டும் படுத்திருக்கலாமா?

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. சண்டிகரில் உள்ள பாதுகாப்புத் துறையின் டிஜிஆர்இ நிறுவனம், முந்தின நாள் மாலையே அந்த மாவட்டத்தில் 2,400 மீட்டருக்கு மேல் பனிச்சரிவு அபாயம் என்று எச்சரித்திருந்தது!

இது ஜோசியம் இல்லை. சரிவு 30 முதல் 45 டிகிரிக்குள் இருக்கிறதா, ஒரே நாளில் எவ்வளவு புதுப்பனி விழுந்தது, காற்று எந்தப் பக்கம் பனியைக் குவித்தது, வெயில் ஏறியதா என்று பார்க்கிறார்கள். பனியில் குழி வெட்டி அடுக்கடுக்காகச் சோதிக்கிறார்கள். அடியில் சர்க்கரை மாதிரி உதிரும் அடுக்கு இருந்தால் மேலே உள்ள பாளம் எந்த நேரமும் வழுக்கலாம். இதையெல்லாம் வைத்துத்தான் 1 முதல் 5 வரை அபாய அளவு சொல்கிறார்கள்.

"எந்த நிமிடம் சரியும் என்று சொல்ல முடியாதே" என்பார்கள். உண்மைதான். மழை எந்த நிமிடம் வரும் என்றும்தான் தெரியாது. அதற்காக உத்திரமேரூர் பக்கத்து விவசாயி நெல்லைக் களத்தில் திறந்து போட்டுவிட்டுத் தூங்கப் போகிறாரா? மேகம் கறுத்தாலே தார்ப்பாயைத் தேடுகிறார். நெல்லுக்கு உள்ள மரியாதை ஆளுக்கு இல்லையா?

மீட்புப் படையைக் காட்டிச் சமாதானம் சொல்வதும் சரியல்ல. பனிக்குள் முழுசாகப் புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு கால் மணி நேரத்துக்குப் பிறகு மளமளவென்று சரிகிறது. ஹெலிகாப்டர் கிளம்புவதற்குள் கதை முடிந்துவிடும்.

தேவை இரண்டே விஷயம். பனி சரியும் பாதையில் முகாம் போடக் கூடாது. எச்சரிக்கை வந்தால், அன்றைய கூலியைப் பிடிக்காமல் ஆட்களைக் கீழே இறக்க வேண்டும். ஒரு நாள் வேலை நின்றால் ஆகும் நஷ்டத்தைக் கணக்குப் போட்டு எழுதிவிடலாம். 8 உயிரை எந்தக் கணக்கில் எழுதுவது?

அதைச் செய்யாதவரை, "இயற்கைச் சீற்றம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். இயற்கை முந்தின நாளே சொல்லிவிட்டுத்தான் வந்தது!