குழலுக்குள் இறங்காத தோட்டா

சென்ற இதழில் பாரக்பூரைப் பற்றி எழுதியிருந்ததைக் கண்ட அன்பர்கள் சிலர், "கொழுப்புத் தடவிய தோட்டாவைச் சிப்பாய்கள் மறுத்தார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். தோட்டாவுக்குக் கொழுப்பு எதற்கு?" என்று வினவியிருந்தனர். நியாயமான வினா. பசு, பன்றி என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவது பாடப் புத்தகங்களின் வழக்கம். கொழுப்பு ஏன் அங்கே வந்தது என்று அறிந்தாலன்றி அந்தக் கலகத்தின் ஒரு பாதி நமக்கு விளங்காது.

லேக் மார்க்கெட் பக்கத்தில் குடியிருக்கும் நம்மவர், காளிகாட்டில் மெட்ரோ ஏறித் தம்தமில் இறங்குகிறோம். விமானம் ஏறுவதற்கும் அவ்வழியே போகிறோம். இந்தத் தம்தமில்தான் 1857-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், புதிய என்பீல்டு துப்பாக்கியைக் கையாளச் சிப்பாய்களுக்குப் பயிற்சி தரும் நிலையம் இருந்தது. மேஜர் பான்டீன் என்பவர் அதன் தலைவர். அம்பாலாவிலும் சியால்கோட்டிலும் இத்தகைய நிலையங்கள் வேறு இரண்டு இருந்தன.

அதற்கு முன் சிப்பாயின் கையிலிருந்த துப்பாக்கி வழவழப்பான உட்சுவர் உடையது. குழலின் உள்விட்டம் ஏறக்குறைய முக்கால் அங்குலம். குண்டோ அதைவிட நன்கு சிறியது. மேலிருந்து போட்டால் தானே உருண்டு இறங்கும். இறங்குவதில் தொல்லையில்லை, குறி தவறுவதுதான் தொல்லை. என்பீல்டு அப்படியன்று. அதன் குழலுக்குள் திருகுபுரி வெட்டப்பட்டிருந்தது. உள்விட்டம் 0.577 அங்குலம், குண்டின் விட்டம் 0.568 அங்குலம். இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்பது பங்கே. அந்த இடைவெளியையும் குண்டைச் சுற்றிய தாள் அடைத்துக்கொள்ளும். சுட்டவுடன் குண்டின் குழிந்த அடிப்பாகம் விரிந்து புரிகளைக் கவ்வும். குண்டு சுழன்றுகொண்டே வெகுதூரம் நேராகச் செல்லும்.

தோட்டா என்று நாம் இன்று எண்ணும் பித்தளைக் கூடு அக்காலத்துப் படையினர் கையில் இல்லை. அது ஒரு காகிதச் சுருள். ஒரு பக்கம் வெடிமருந்து, மறுபக்கம் குண்டு. சிப்பாய் நுனியைப் பல்லால் கடித்துக் கிழிப்பான். மருந்தைக் குழலில் கொட்டுவான். சுருளைத் தலைகீழாகத் திருப்பிக் குண்டுள்ள பக்கத்தை வாயில் செருகி, மிஞ்சிய தாளைக் கிழித்தெறிந்து, இரும்புக் கம்பியால் அடிவரை இடிப்பான். இது முழுவதும் கைவேலை. ஒவ்வொரு சூட்டுக்கும் துப்பாக்கியை வீரனே கெட்டிக்க வேண்டும்.

இங்கேதான் சிக்கல். கரிமருந்து எரிந்தால் முற்றும் புகையாகிவிடுவதில்லை. கரியும் உப்பும் குழலின் உட்சுவரில் படிந்துவிடும். சில முறை சுட்டபின், ஆயிரத்தில் ஒன்பது பங்கு என்ற அந்த இடைவெளி எங்கே இருக்கும்? குண்டு பாதி வழியில் நின்றுவிடும். இடித்தால் குண்டின் உருவம் கெடும். இடிக்காவிட்டால் சுட முடியாது. படிந்த கரி இறுகிப் போகாமல் இளகியிருக்கவும், தாள் சுற்றிய குண்டு வழுக்கி இறங்கவுமே சுருளின் குண்டுப் பக்கத்தைக் கொழுப்பில் தோய்த்தார்கள். மதத்தைக் கெடுக்கும் நோக்கம் எதுவும் அந்தச் சூத்திரத்தில் இல்லை. மனிதனைப் பற்றிய நினைவும் அதில் இல்லை என்பதே என் குறை.

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. 1853-இலேயே இந்தக் கொழுப்புத் தோட்டாக்கள் சீமையிலிருந்து வந்து, கல்கத்தாக் கோட்டையிலும் கான்பூரிலும் இரங்கூனிலும் சோதிக்கப்பட்டன. சிப்பாய்களே அவற்றைப் பைகளில் சுமந்து திரிந்தார்கள். சோதிக்கப்பட்டது யாது? நம் நாட்டு வெயிலைக் கொழுப்பு தாங்குமா என்பதே! பூசப்படும் பொருள் சாதியாசாரத்துக்கு மாறானதன்று என்று தெரிந்தாலன்றிச் சுதேசிப் படைகளுக்குத் தோட்டாவைக் கொடுக்கலாகாது என்று படைத்துறை அதிகாரி கர்னல் டக்கர் அப்போதே எச்சரித்தார். அந்தக் கடிதம் கட்டில் கிடந்தது. காகிதங்களோடு காலம் தள்ளுகிற எனக்கு இது புதுமையாகத் தோன்றவில்லை.

1857 சனவரியில், தம்தமில் ஓர் ஏவலாள் பிராமணச் சிப்பாய் ஒருவரிடம் லோட்டாவில் தண்ணீர் கேட்டான். சாதியைக் காட்டி அவர் மறுத்தார். சீக்கிரமே பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் தடவிய தோட்டாவை வாயால் கடிக்கப் போகிறீர். அப்போது உம் சாதி எங்கே போகும் என்று அவன் திருப்பிக் கேட்டுவிட்டான். காப்டன் ரைட் என்பவர் சனவரி 22-ஆம் தேதி இச்செய்தியை மேலிடத்துக்கு எழுதினார். விசாரித்தபோது, எந்த மிருகத்தின் கொழுப்பு என்று உறுதி கூற ஒருவராலும் இயலவில்லை.

சிப்பாய்கள் தாங்களே எண்ணெயும் மெழுகும் வாங்கிப் பூசிக்கொள்ளலாம் என்று அம்மாத முடிவிலேயே அனுமதி பிறந்தது. பின்னர், பல்லால் கடிக்காமல் கையால் கிழிக்கலாம் என்று பான்டீன் யோசனை கூற, அதுவும் ஏற்கப்பட்டது. ஆனால் ஐயம் கொழுப்பை விட்டுத் தாளின்மேல் பாய்ந்துவிட்டது. தாள் பளபளக்கிறதே, அதிலும் ஏதோ இருக்கிறது என்றார்கள். பெரம்பூரில் அல்ல, நம் முர்ஷிதாபாத் பக்கத்துப் பெர்ஹாம்பூரில், பிப்ரவரி 26 இரவு 19-ஆம் படையினர் தோட்டாவை மறுத்தபோது, அவை கொழுப்பில்லாத பழைய வகைத் தோட்டாக்களே. இரு வகைத் தாளில் சுற்றியிருந்தது அவர்களைக் கலக்கியது. மார்ச் 29-இல் பாரக்பூர் மைதானத்தில் மங்கள் பாண்டே. ஏப்ரல் 8-இல் அவருக்குத் தூக்கு. மே 10-இல் மீரத்து. இவை யாவரும் அறிந்தவை.

தமிழ்நாட்டார் இதை வாசிக்கும்போது வேலூரை நினையாமல் இருக்க முடியாது. 1806 சூலை 10-இல் அங்கே எழுந்த கலகத்துக்கும் இப்படி ஒரு பொருள் காரணமாய் நின்றது: புதிய தலைப்பாகையும் அதிலிருந்த தோல் குஞ்சமும். அரை நூற்றாண்டு கடந்தும் கம்பெனியார் அந்தப் பாடத்தைப் படிக்கவில்லை.

நிற்க. தோட்டாவின் கதைக்கு வருவோம். கலகத்தை அடக்கப் போன ஆங்கிலப் படையினர் என்பீல்டை வைத்தே போரிட்டார்கள். அவர்களுக்கும் குண்டு இறங்கவில்லை! வடநாட்டுக் கோடையில் மிருகக் கொழுப்பு உருகித் தாளில் ஊறிப்போயிற்று. மசகு இருக்க வேண்டிய இடத்தில் மசகு இல்லை. வறண்ட காற்றில் கரி கல்லாக இறுகிற்று. முறையீடுகள் சீமைக்கு எட்டின. பின்பு செய்த திருத்தங்கள் இரண்டு: குண்டின் விட்டத்தை 0.568-இலிருந்து 0.550 அங்குலமாகக் குறைத்தார்கள். கொழுப்பை ஒதுக்கித் தேன்மெழுகைக் கொண்டார்கள். தேன்மெழுகு உருக அறுபது பாகைக்கு மேல் வெப்பம் வேண்டும்; மாட்டுக் கொழுப்புக்கு நாற்பதைச் சற்றுத் தாண்டினாலே போதும். எவர் மதத்துக்கும் இடறில்லாத பொருளே துப்பாக்கிக்கும் ஏற்ற பொருளாக இருந்தது. முதலிலேயே அதைப் பூசியிருந்தால் கலகம் நேர்ந்திராது என்று நான் சொல்லமாட்டேன். அதற்கு வேறு காரணங்கள் மலைபோல் இருந்தன. ஆயினும் தம்தமில் அந்த ஏவலாளுக்குச் சொல்ல ஒரு சொல் குறைந்திருக்கும்.

பித்தளைத் தோட்டா வந்தபின் இச்சிக்கல் ஒழிந்ததோ? இல்லை, இடம் மாறியது. 1885 சனவரியில் சூடானிலே அபூ கிளியா என்னுமிடத்தில், மெல்லிய தகட்டைச் சுருட்டிச் செய்த தோட்டாக் கூடுகள் மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியில் சிக்கிக்கொண்டு ஆங்கிலப் படையைத் தவிக்கவிட்டன. 1915-இல் பெல்ஜியத்து ஈப்பரில் கனடா நாட்டாரின் ராஸ் துப்பாக்கி அவ்வாறே ஆயிற்று. அதன் அறை மிக இறுக்கம். தோட்டா மயிரளவு பருத்திருந்தாலும் பூட்டு நகராது. காலால் உதைத்துத் திறந்தார்கள். செத்தவர்களின் லீ-என்பீல்டை எடுத்துக்கொண்டு தம் துப்பாக்கியை எறிந்தவர் பலர். லீ-என்பீல்டின் அறை சற்றுத் தாராளமானது, சேற்றையும் பொறுத்துக்கொள்ளும். அந்த லீ-என்பீல்டைத்தான் நம் இச்சாப்பூர்த் தொழிற்சாலை பல்லாண்டு செய்தது.

சில வெளிநாடுகளில் வேட்டைக்காரர் சுட்ட கூட்டையே மீண்டும் நிரப்பிக்கொள்கிறார்கள். நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா செய்வது குற்றம்; ஆகவே இது அறிவுக்கு மட்டுமே. அங்கும் தோட்டா அறையில் புகாமல் நிற்பதுண்டு. சுட்ட கூடு விரிந்து நீளும். அதன் தோள் சரியாகப் பின்தள்ளப்படாமலிருக்கலாம், கழுத்து நீண்டிருக்கலாம், குண்டு வெளியே துருத்திப் புரியில் முட்டலாம். கூட்டில் விளக்குக்கரியைத் தடவி அறையில் செலுத்தி எடுப்பார்கள். கரி எங்கே தேய்ந்திருக்கிறதோ அங்கே முட்டுகிறது.

இச்சாப்பூர், சியால்தாவிலிருந்து போகும் மெயின் லயனில் பாரக்பூருக்கும் பல்தாவுக்கும் அப்பாலுள்ள நிலையம். அவ்விடத்தில் முன்பு கம்பெனியின் வெடிமருந்துச் சாலை இருந்தது. துப்பாக்கித் தொழிற்சாலை 1904-இல் தோன்றியது. 2021 அக்டோபர் முதல் அதுவும் நம் திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலையும் ஒரே அரசுக் கம்பெனியின் கீழ் வந்துவிட்டன. உள்ளே போய்ப் பார்க்க நமக்கு அனுமதியில்லை. பாரக்பூரில் ஆற்றங்கரையோரம் மங்கள் பாண்டே பெயரால் அமைந்த பூங்காவுக்குக் குழந்தைகளை அழைத்துப் போகலாம்.

அடுத்த திங்கள் காசிப்பூர்ப் பீரங்கித் தொழிற்சாலையைப் பற்றி எழுத எண்ணியுள்ளேன்.