பெற்றவள் எதை மறப்பதில்லை?

"பிள்ளைட முகத்தைக் கண்டா நோவெல்லாம் மறந்துபோகும்." கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் வீடுகளில் நிறைமாதக்காரிக்கு மாமியும் சாச்சியும் சொல்லும் ஆறுதல் இது. அன்பில் சொல்வதுதான். ஆனால் பாதிதான் உண்மை.

அந்தப் பாதியைச் சுவீடன் ஆய்வாளர்கள் எண்ணிக் கணக்கிட்டிருக்கிறார்கள். உல்லா வால்டன்ஸ்ட்ரோமும் அவரது சக ஆய்வாளரும் 1,383 தாய்மாரிடம் பிரசவமாகி 2 மாதத்தில் நோவைப் பற்றிக் கேட்டார்கள். 5 ஆண்டு கழித்து அதையே மறுபடி கேட்டார்கள். முடிவு 2009இல் வெளியானது. 49 வீதமானோருக்கு நோவின் நினைவு மங்கியிருந்தது. 35 வீதமானோர் முன்பு சொன்னதையே சொன்னார்கள். 16 வீதமானோருக்கோ அது முன்னைவிடக் கூடியிருந்தது. பிரசவம் கசப்பான அனுபவமாக அமைந்த பெண்களிடம் ஐந்து ஆண்டுகளும் நோவை ஆற்றவில்லை. முதுகில் எபிடியூரல் ஊசி போட்டுக்கொண்டவர்கள்கூட மற்றவர்களைவிடக் கூடுதலான நோவையே நினைவுகூர்ந்தார்கள். ஊசிக்கு முன்பு உச்சத்தில் இருந்த நோவு அவர்களுக்குள் தங்கிவிட்டது போலும்.

அமெரிக்காவின் பெனி சிம்கின், முதல் பிள்ளை பெற்று 15 முதல் 20 ஆண்டுகள் கடந்த பெண்களிடம் பேசி 1991இல் எழுதினார். டொக்டரும் தாதியும் அன்று சொன்ன சொற்கள் அவர்களுக்கு அப்படியே நினைவிருந்தன. அன்பாகப் பேசியதை நன்றியோடும், கடுகடுத்ததை ஆறாத கோபத்தோடும் சொன்னார்கள்.

நம் கிழக்குக் கரையோரத்து மூத்தம்மாமாரும் அப்படித்தான். 1978 சூறாவளி வருடத்தில் பெற்ற பிள்ளையைப் பற்றிக் கேட்டால், கூரை பறந்த கதையோடு, யார் வெந்நீர் வைத்தார், யார் முதுகைத் தடவினார் என்பதும் சேர்ந்தே வரும். மகளுக்கு வீடு கொடுத்து, மருமகன் அங்கு வந்து வாழும் வழக்கம் நம்முடையது. ஆகவே வீட்டில் பெற்ற காலத்தில் பெண் தன் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பெற்றாள்.

அந்தக் காலத்துக்குத் திரும்ப வேண்டும் என்று யாரும் சொல்லக் கூடாது. 1940களின் முற்பகுதியில் இலங்கையில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள்; இன்று அது அதில் ஒரு சிறு பங்குதான். மருத்துவமாதுவும் ஆஸ்பத்திரியும் தந்த உயிர்கள் இவை. ஆனால் அன்று கூட இருந்த பெண் கூட்டம் இன்று பெரும்பாலும் வார்ட் வாசலோடு நின்றுவிடுகிறது. உள்ளே முன்பின் தெரியாதவர்கள் நடுவே, திரை சரியாக மூடாத கட்டிலில், பெறுகிறவள் கூச்சத்தையும் நோவையும் ஒன்றாகத் தாங்க வேண்டியிருக்கிறது. அந்நேரத்தில் "ஊருல ஒருத்தரும் பெறாத புள்ளையா?" என்று ஓர் ஏச்சு விழுந்தால், பிள்ளைக்குப் பிள்ளை பிறந்தாலும் அது போகாது.

நோவில் கதறுவதைப் பொறுமையின்மை என்று இங்கே சிலர் நினைக்கிறார்கள். சூறா மர்யமை ஓதுகிற ஊர் இது. பிரசவ நோவில் பேரீச்ச மரத்தடிக்குப் போன மர்யம் அலைஹிஸ்ஸலாம், இதற்கு முன்பே இறந்திருக்கக் கூடாதா என்று ஏங்கியதைக் குர்ஆன் மறைக்கவில்லை. அதற்குப் பதிலாக வந்தது கண்டிப்பன்று. கவலைப்படாதே என்ற ஆறுதலும், குடிக்க நீரும், உண்ணக் கனியும்.

பிரசவ அறையில் தாய் விரும்பும் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. இங்கே அது இடத்துக்கு இடம் மாறுகிறது. இடநெருக்கடி உண்மைதான், ஆளணிப் பற்றாக்குறையும் உண்மைதான். ஆனாலும் திரைச்சீலைக்கு எவ்வளவு செலவாகும்? ஒரு ராத்தாவுக்குக் கதிரை போட எவ்வளவு இடம் வேண்டும்?

நாற்பது நாளைக்குள் பிள்ளை பார்க்க வருகிறவர்கள் நோமலா சீசரா, என்ன நிறை, யாருடைய சாயல் என்றெல்லாம் கேட்கிறார்கள். தாயின் மனச்சோர்வைக் கண்டறிய 1987இல் உருவான எடின்பரோ வினாக்கொத்தின் பத்துக் கேள்விகளில்கூடப் பிரசவ அறையைப் பற்றி ஒன்றுமில்லை. பெற்ற வீட்டுக்கு வரும் மருத்துவமாது, தையலையும் தொப்புளையும் பார்த்த பிறகு, "உங்கள அங்க எப்படிப் பாத்தாங்க?" என்றும் கேட்கட்டும். பெயர் குறிப்பிடாமல் அந்தப் பதில்கள் மாதந்தோறும் பிரசவ வார்ட்டுக்குப் போய்ச் சேரட்டும்.