நளினம் என்ற அளவுகோல்

ஃபிகர் ஸ்கேட்டிங் பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து சூர்யா பொனாலியைப் பற்றி ஒரே குறையைத்தான் கேட்டுவருகிறேன்: பலம் இருக்கிறது, நளினம் இல்லை. பிரான்சின் இந்தக் கறுப்பினப் பெண் ஐந்து முறை ஐரோப்பியப் பட்டம் வென்றவர். உலகப் போட்டியிலோ 1993, 1994, 1995 என மூன்று ஆண்டும் இரண்டாமிடம். 1994இல் ஜப்பானில், அணிவித்த வெள்ளிப் பதக்கத்தை மேடையிலேயே கழற்றினார். அடங்காதவள் என்றார்கள்.

1998 நாகானோ ஒலிம்பிக்கில், தடைசெய்யப்பட்டிருந்த பின்பல்டியை அடித்து ஒற்றைக் காலில் இறங்கினார். புள்ளியைக் குறைத்தார்கள், பத்தாமிடம். விதியை மீறினாரே என்பீர்கள். மீறினார்தான். 2024 ஐரோப்பியப் போட்டியில் ஆதாம் சியாவோ ஹிம் ஃபாவும் அதே விதியை மீறினார். புள்ளி குறைந்தும் தங்கம் வென்றார். அந்த ஆண்டே தடை நீங்கியது.

இனி நியாயம் கிடைத்துவிட்டது என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. அந்த மூன்று வெள்ளியும் பல்டி அடிக்காமல் வாங்கியவை. அவரை இரண்டாமிடத்தில் நிறுத்தியது பல்டி அல்ல, நளினம் என்ற அளவுகோல். தசை தெரியாத, உழைப்பைக் காட்டாத உடம்பே பெண்ணுடம்பு என்று கோடு போட்ட அளவுகோல். அதை எந்த விதிப்புத்தகத்திலிருந்து நீக்குவார்கள்?